இன்னும் நாலு மணி பத்து நிமிடம்

குவைத் விமான நிலையத்துக்கும் திருச்சி விமான நிலையத்துக்கும் நடுவில் மூவாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், ஏறி உட்கார்ந்தால் ஐந்து மணி நேரம், சாப்பாடு கொடுத்துத் தட்டை வாங்கிக்கொண்டு போவதற்குள் பாதிக் கடல் முடிந்துவிடும் என்று காரைமேட்டில் டிராவல்ஸ் வைத்திருந்த நத்தர்ஷா பாய் முப்பது வருஷமாகச் சொல்லிவந்தார். அவர் சொன்னதில் பொய் கிடையாது. பூங்காவனம் செத்துப்போன செவ்வாய்க்கிழமை அவளுடைய மகன் திருஞானம் குவைத்தில் விமானம் ஏறும்வரைக்கும் அந்தத் தூரம் அந்தத் தூரமாகத்தான் இருந்தது.

பூங்காவனத்துக்கு மட்டும் இந்தக் கணக்கு ஒருநாளும் பிடிபட்டதில்லை. சந்தைக்குப் போகும்போதெல்லாம் பாய் கடை வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "எம்புள்ள இருக்கற ஊரு எவ்வளவு தொலவு பாய்?" என்று கேட்பாள். "அஞ்சு மணி நேரம்மா. மெட்ராஸுக்கு பஸ்ஸுல போனா ஆறு மணி நேரம் ஆவுது. அதவிடக் கிட்ட" என்பார் அவர். "கிட்டங்கறீங்க. அப்ப ஏன் அவன் ஆறு வருஷமா வரல?" என்பாள் அவள். பாய் அவளுக்கு ஒரு டீ சொல்லுவார். முதல் இரண்டு வருஷம் திருஞானத்துக்கு லீவு கொடுக்கவில்லை, அடுத்த இரண்டு வருஷம் கம்பெனி மாறினான், அதற்கடுத்த இரண்டு வருஷம் இத்தனை நாள் வராமல் இருந்துவிட்டோமே என்ற வெட்கம். வெள்ளிக்கிழமைதோறும் போன் செய்வான். அவளும் வெள்ளிக்கிழமைதோறும், ஆடு குட்டி போட்டது, மழை பெய்யவில்லை என்றெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில், "சீக்கிரம் வந்துடு சாமி" என்று சொல்லித்தான் வைப்பாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை விடிகாலையில் ஆட்டுக்குத் தழை கட்டப் போனவள் கொட்டகைக் காலைப் பிடித்தபடி உட்கார்ந்தாள், உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அறுபத்தெட்டு வயதில் அதைவிட நல்ல சாவு யாருக்கு வாய்க்கும் என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அதே தெருவின் மறுகோடியில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள் தனக்கொடி முடியை அள்ளி முடியக்கூட நேரமில்லாமல் ஓடி வந்தாள். அவள் அழுது ஓய்வதற்குள் தாய்மாமன் பெரியண்ணன் அவள் கையில் போனைக் கொடுத்தார்.

"தம்பிக்கு நீயே சொல்லு புள்ள. எப்படிச் சொல்லணும்னு தெரியுமில்ல?"

தெரியும். காரைமேட்டில் அது தெரியாதவர்கள் கிடையாது, வீட்டுக்கு ஒருவன் வெளிநாட்டில் கிடக்கிற ஊர் அது. இங்கே ஒரு சாவு விழுந்தால் அங்கே இருப்பவனிடம் சாவு என்று சொல்ல மாட்டார்கள். உடம்புக்குக் கொஞ்சம் முடியவில்லை, உன்னைப் பார்க்கணும் என்கிறாள், டிக்கெட் போட்டாச்சு, கிளம்பி வா என்பார்கள். அவன் திருச்சியில் இறங்கி, வேனில் ஏறி, ஊர் எல்லை தாண்டி, தெருமுனையில் ஷாமியானாவும் பிளாஸ்டிக் நாற்காலி வரிசையும் கண்ணில் படும்வரை ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அங்கேதான் அவனுக்குக் கால் மடங்கும், மடங்கும்போது தாங்கிப் பிடிக்க இரண்டு பேர் ஏற்கெனவே அவனுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து வந்திருப்பார்கள். முன்பின் தெரியாத நாட்டில், எட்டுக் கட்டில் போட்ட அறையில், பிள்ளை தனியாக விழுந்துவிடக் கூடாதே என்பதற்காக ஊர் கூடிக் கண்டுபிடித்த பொய் அது. கெட்ட எண்ணம் அதில் துளிகூடக் கிடையாது.

தனக்கொடி வழக்கப்படியே சொன்னாள். லேசான மயக்கம், டிரிப்ஸ் ஏறுது, ஒன்னப் பாக்கணுங்கறா. அவனும் மறுபேச்சு இல்லாமல் சரி என்றான். பாய் டிக்கெட் போட்டார். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, விமானம் ஏறுகிற வாசலில் நின்றுகொண்டு அவன் மறுபடி கூப்பிடும்வரை.

"அம்மாகிட்ட குடுக்கா."

"தூங்குறாடா."

"சரி, எழுப்ப வேணாம். காதுல வை. நான் பேசிட்டு ஏறிடறேன்."

வழக்கத்தில் இதற்கு இடமில்லை. டவர் இல்லை, சார்ஜ் இல்லை என்று வைத்துவிட வேண்டும். தனக்கொடிக்கு மனசு வரவில்லை. ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடியைத் தூக்கி, வாயும் நாடியும் கட்டி, மூக்கில் பஞ்சு வைத்துக் கிடந்த அம்மாவின் காதில் போனை வைத்தாள். அவன் ஒன்றரை நிமிஷம் பேசினான். என்ன பேசினான் என்று அவள் கேட்கவில்லை, அது அம்மாவுக்கும் பிள்ளைக்கும் நடுவில் உள்ளது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கேட்டாளாக்கா?"

"கேட்டாடா. தலையாட்டுனா."

பெரியண்ணன் முகம் சுருங்கிவிட்டது. "தலையாட்டுனான்னு சொல்லியிருக்க வேணாம் புள்ள" என்றார். "அது கொஞ்சம் அதிகப்படி."

விமானம் சொன்ன நேரத்துக்கு வந்தது. மத்தியானம் மூன்று மணிக்குத் திருச்சியில் இறங்கியது. நூற்றெழுபது பேர் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்கள். திருஞானம் வரவில்லை. வேனோடு போயிருந்த பெரியண்ணன், அவனுக்குப் பக்கத்து இருக்கையில் வந்த துறையூர்க் கொத்தனார் ஒருவரைக் கண்டுபிடித்து விசாரித்தார். "என் பக்கத்துலதாங்க இருந்தாரு, சன்னலோரம். எறங்குறப்ப பாக்கறேன், பெல்ட்டு மாட்டுனது மாட்டுனபடி இருக்குது, ஆளக் காணோம்" என்றார் அவர். உள்ளே இருந்த அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, அவர் இன்னும் வந்துகொண்டிருக்கிறார் என்று சாதாரணமாகச் சொல்லி, அவன் பெயருக்கு நேராகப் 'பயணத்தில்' என்று எழுதிக்கொண்டார். வேனைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள், மற்ற வண்டிகளுக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்றும் சொன்னார்.

அதே மூன்று மணிக்கு இங்கே தனக்கொடியின் போன் அடித்தது. பின்னால் இஞ்சின் இரைச்சல் கேட்டது.

"அக்கா, எறங்கப் போறோம்னு சொல்லிட்டாங்க. கடல் முடிஞ்சு கரை தெரியுது. அம்மா எப்படி இருக்கா?"

"நல்லாருக்காடா. அரை டம்ளர் கஞ்சி குடிச்சா. இப்பதான் தூங்குனா."

"சரிக்கா" என்றான் அவன். லைன் அறுந்துபோனது. அவன் இறங்கவில்லை.

மறுநாளும் மூன்று மணிக்குக் கூப்பிட்டான், கரை தெரிகிறது என்றான், அம்மா எப்படி இருக்கா என்று கேட்டான். அதற்கு மறுநாளும் கேட்டான். விமானத்தில் சாப்பாடு கொடுத்தார்களாம், கோழியா காய்கறியா என்று கேட்டார்களாம், அம்மாவுக்காக நேர்ந்துகொண்டிருப்பதால் காய்கறி போதும் என்று சொல்லிவிட்டானாம். அவனுக்கு இது எத்தனையாவது நாள் என்பது தெரிந்ததா இல்லையா என்று தனக்கொடிக்குக் கடைசிவரை புரியவில்லை. ஒருநாள், "அவளுக்கு ஒரு போர்வை வாங்கியிருக்கேன். புலி போட்டது. குளிருதுங்கறாளா?" என்று கேட்டான். தனக்கொடி ஐஸ் பெட்டியைப் பார்த்தாள். "ஆமாண்டா. குளிருதுங்கறா" என்றாள். அவனிடம் அவள் சொன்னதில் கொஞ்சமாவது உண்மையாக இருந்தது அது ஒன்றுதான், அதைச் சொல்லிவிட்டு அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

ஊர் என்ன செய்யும்? ஊர் காத்திருந்தது. மகன் வராமல் தாயை எடுக்கிற வழக்கம் காரைமேட்டில் இல்லை, பிணம் கிடக்கிற தெருவில் அடுப்புப் பற்றவைக்கிற வழக்கமும் இல்லை. முதல் மூன்று நாள் கீழத்தெருக்காரர்கள் சோறு வடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நான்காம் நாள் அவர்கள் முகம் கொஞ்சம் வாடியது. ஏழாம் நாள், பிணம் கிடந்த தெருவின் முப்பத்திரண்டு வீட்டுக்காரர்களும் தங்கள் சிலிண்டரையும் அடுப்பையும் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் வரிசையாக வைத்துச் சமைத்து, குண்டானைத் துணி சுற்றிக் கொண்டுவந்து வீட்டில் வைத்துச் சாப்பிட ஆரம்பித்தார்கள், அப்புறம் அதுவே பழகிப்போனது. மாரியம்மன் கோயில் நடை சாத்தியது சாத்தியபடி கிடந்தது. பூசாரி கதவுக்கு வெளியே நின்று அம்மனிடம் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவார். நிச்சயித்திருந்த இரண்டு கல்யாணங்கள் தள்ளிப்போயின. தனக்கொடியின் புருசன் நெல் அறுக்கும் மெஷினோடு தஞ்சாவூர்ப் பக்கம் போயிருந்தவன் வந்தான், எட்டு நாள் பந்தலில் உட்கார்ந்தான், வேலை கெடுகிறது என்று மறுபடி போனான். மேளக்காரர்கள் முதலில் நாள் முழுக்க அடித்தார்கள், பிறகு காலையில் ஒரு மணி நேரம் வந்து அடித்துவிட்டு வேறு சோலிக்குப் போனார்கள். ஷாமியானாத் துணி வெளுத்து, அதில் ஒரு குருவி கூடு கட்டி, குஞ்சும் பொரித்துவிட்டது.

பூங்காவனம் கெடவில்லை. முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. செத்த அன்று பூசிய திருநீறு அன்று பூசியதாகவே இருந்தது. அவளுக்கும் அந்த ஐந்து மணி நேரம் முடியவில்லை போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். கண்ணாடியில் ஈரம் பூக்கும்போதெல்லாம் தனக்கொடி முந்தானையால் துடைப்பாள், அம்மா முகம் தெரியும், மறுபடி பூக்கும், மறுபடி துடைப்பாள். ஒப்பாரி வைக்க வந்த பெண்களுக்கு இரண்டாவது வாரத்தில் பூங்காவனத்தைப் பற்றிப் பாட ஒன்றும் மிச்சமில்லாமல் போய்விட்டது. அவளுடைய ஆடு, அவளுடைய கூடை, அவளுடைய பொறந்த வீடு என்று எல்லாவற்றையும் பாடி முடித்துவிட்டார்கள். அப்புறம் ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையைப் பாட ஆரம்பித்தாள். கத்தாரில் இருப்பவனை, மஸ்கட்டில் இருப்பவனை, போன் எடுக்காதவனை, ஒன்பது வருஷமாக அடுத்த மாசம் வருகிறேன் என்பவனைப் பாடிப் பாடி அழுதார்கள். அது பூங்காவனத்துக்கான அழுகையா தங்களுக்கான அழுகையா என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. கீழத்தெருப் பெண்களும் மத்தியானச் சமையலை முடித்துவிட்டு அழுவதற்கென்றே வந்தார்கள்.

தூரம் ஏன் முடியவில்லை என்று கண்டுபிடித்தவர் நத்தர்ஷா பாய்தான். அவர் கடைக் கம்ப்யூட்டரில் விமானங்களைப் பார்க்கலாம், நீலக் கடலின் மேல் சின்னச் சின்னதாக நகரும். திருஞானத்தின் விமானம் மட்டும் தரையிறங்கிய பிறகும் அங்கே ஒரு புள்ளியாகத் தங்கிவிட்டது. அதன் பக்கத்தில் மீதி நேரம் எழுதியிருக்கும். ஐந்தாவது வாரம் ஒருநாள் அவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு பந்தலுக்கு வந்தார். தனக்கொடியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, தப்பா எடுத்துக்காத. தெனம் நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். ராத்திரி பகலா மெள்ள மெள்ளக் கொறைஞ்சு மறுநாள் ரெண்டே முக்கா மணிக்கெல்லாம் புள்ளி திருச்சி கிட்ட வந்துடுது. இன்னும் பத்து நிமிசம், அஞ்சு நிமிசம்னு காட்டுது. மூணு மணிக்கு அவன் ஒனக்குப் போன் போடறான். நீ அம்மா நல்லாருக்காங்கற. அந்த நிமிசமே நாலு மணி பத்து நிமிசம்னு ஆயிடுது, புள்ளி கடலுக்கு நடுவுல போயி நிக்குது. கடல் நீளல தங்கச்சி. நீ சொல்றதுதான் நீளுது."

தனக்கொடி போய் ஐஸ் பெட்டிக் கண்ணாடியைத் துடைத்தாள். பிறகு மாமனிடம் போய்ச் சொன்னாள். பெரியண்ணன் தலையை ஆட்டிவிட்டார்.

"சொன்னா எறங்கிடுவான்னு பாய் சொல்றாரு. சரி. அவன் அங்க ஒத்தையில உக்காந்திருக்கான் புள்ள. பக்கத்து சீட்டுக்காரன்கூட எறங்கிப் போயிட்டான். அந்தரத்துல வச்சு இத அவன் காதுல போட்டா, யாரு தாங்கிப் புடிப்பா?"

இன்னும் பத்து நாள் தனக்கொடி, அம்மா கஞ்சி குடித்தாள் என்றும் தூங்குகிறாள் என்றும் சொல்லிக்கொண்டிருந்தாள், தெரிந்தே சொன்னாள், சொல்லும்போதெல்லாம் தம்பியை ஒரு கையால் பிடித்துக் கடலுக்குள் தள்ளுகிற மாதிரி இருந்தது. அந்தப் பாவம் அவளைத் தின்றது. கடைசியில் அவளை அசைத்தது பக்கத்து வீட்டு வள்ளிக்கண்ணு. மகளின் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றவள், "பச்சப்புள்ளக்கி மைதானத்துல பால் காய்ச்சி எடுத்தாறதுக்குள்ள ஆறிப்போவுது தனம்" என்றாள். பிறகு அவளே அவசரமாக, "நான் ஒண்ணும் சொல்லல. சும்மா சொன்னேன்" என்றாள்.

ஏழாவது செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குப் போன் அடித்தபோது தெருவே பந்தலில் கூடியிருந்தது. பாய் கம்ப்யூட்டரைப் பெயர்த்துக்கொண்டு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்திருந்தார். இன்னும் நான்கு நிமிஷம் என்று காட்டியது. கரண்ட் இருந்தது. மேளம் அடிக்கவில்லை.

"அக்கா, எறங்கப் போறோம். அம்மா எப்படி இருக்கா?"

"தம்பி, ஞானம், நான் சொல்றத கேளு. அம்மா செத்துட்டாடா. அன்னிக்கி விடியக்காலையிலயே செத்துட்டா. நீ பேசுனது அவளுக்குக் கேக்கல. தலையாட்டுனான்னு நான் பொய் சொன்னேன். என்ன மன்னிச்சிரு. எறங்கி வந்துருடா."

இஞ்சின் இரைச்சல் மட்டும் கேட்டது. கம்ப்யூட்டரில் மூன்று நிமிஷம் ஆனது. இரண்டு ஆனது. பெரியண்ணன் வேன் டிரைவரைப் பார்த்து ஜாடை காட்டினார், டிரைவர் வண்டியை ஸ்டார்ட் செய்தான்.

"எனக்குத் தெரியும்க்கா" என்றான் திருஞானம்.

அவன் அழவில்லை. வெள்ளிக்கிழமை பேசுகிற அதே குரலில் பேசினான்.

"நான் இருக்கற ரூம்ல நாலு பேர நானே இப்படி ஏத்தி விட்டிருக்கேன். பெட்டி கட்டிக் குடுத்து, ஒண்ணும் இருக்காதுடா, போயி பாத்துட்டு வான்னு சொல்லி. நீ முதல்ல கூப்பிட்டப்பவே தெரிஞ்சுபோச்சு. எனக்குத் தெரியாதாக்கா?"

"அப்ப எறங்குடா. எங்கண்ணுல்ல. எல்லாரும் இங்கதான் இருக்கோம். மாமா புடிச்சுக்குவாரு."

"நான் எறங்குனா அவ செத்துடுவாக்கா." என்றான். "எறங்காத வரைக்கும் தூங்கிக்கிட்டுதானே இருப்பா. ஆறு வருஷம் வராதவன் எந்த மொகத்த வச்சுக்கிட்டு வர்றது? தூங்கட்டும். எழுப்பாத. நான் வந்து எழுப்பிக்கறேன்."

லைன் அறுந்தது. எல்லாரும் கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள். நாலு மணி பத்து நிமிஷம்கூட இல்லை இப்போது, முழுசாக ஐந்து மணி நேரம் என்று காட்டியது. புள்ளி குவைத்தின் மேலேயே போய் நின்றுவிட்டது. பாய் அதை அணைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேன் டிரைவர் வண்டி இஞ்சினை நிறுத்தினான்.

தனக்கொடி எழுந்தாள். "எடுங்க மாமா" என்றாள்.

"கொள்ளி?"

"நான் வைக்கறேன்."

பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும், சுடுகாட்டுக்குப் போகக் கூடாது. தனக்கொடி குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு தெருமுனையைத் தாண்டி நடந்தாள். யாரும் தடுக்கவில்லை, ஏழு வாரம் காத்திருந்த ஊருக்கு அதைத் தடுக்கவும் தெம்பில்லை. மூன்று சுற்று சுற்றினாள், மூன்று முறை குடத்தில் அரிவாளால் கொத்தினார்கள், தண்ணீர் அவள் முதுகில் வழிந்தது, குடத்தைப் பின்பக்கமாகப் போட்டு உடைத்தாள், திரும்பிப் பார்க்காமல் கொள்ளியை வைத்தாள். ஐஸ் பெட்டியில் அத்தனை நாள் கிடந்த உடம்பு வேகாது என்று சிலர் பயந்தார்கள். அது நேற்றுச் செத்த உடம்பாகத்தான் எரிந்தது.

அன்று பொழுது சாய்வதற்குள் மைதானத்திலிருந்து அடுப்புகள் வீடு திரும்பின. தெருவைக் கழுவிவிட்டார்கள். வள்ளிக்கண்ணு வீட்டில் முதல் குக்கர் விசில் அடித்தது, பிறகு எதிர்வீட்டில், பிறகு அதற்கடுத்த வீட்டில், தெரு முழுக்க விசில் சத்தமும் தாளிக்கிற வாசனையுமாக ஆனது. கோயில் நடை திறந்தார்கள். குழந்தைகள் ஆளுக்கொரு தட்டோடு வாசலில் உட்கார்ந்து சூடான சோறு சாப்பிட்டன. ஷாமியானாக்காரர் மட்டும் குருவி குஞ்சுகள் பறக்கட்டும் என்று ஒரு மூலையை அவிழ்க்காமல் விட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் பால் தெளிப்பு. தனக்கொடி சுடுகாட்டுக்குப் போய்ச் சாம்பலில் பாலை ஊற்றி, சூடு ஆறாத எலும்புகளைப் பொறுக்கி ஒரு சின்ன மண்கலயத்தில் போட்டு, மஞ்சள் துணியால் வாயைக் கட்டிக் கொண்டுவந்தாள். காவிரியில் கரைக்கும்வரை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்பதால் கொட்டகை ஓரத்து வேப்பமரத்தில் அதைக் கட்டித் தொங்கவிட்டாள். அம்மா பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அதே கொட்டகைக் கால் பக்கத்தில் அவளும் உட்கார்ந்தாள். ஆடு வந்து அவள் கையை முகர்ந்துவிட்டுப் போனது. மூன்று மணிக்குப் போன் அடித்தது.

எடுக்க வேண்டாம் என்றுதான் நினைத்தாள். பத்துத் தடவை அடிக்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுத்த வீட்டிலிருந்து வள்ளிக்கண்ணு எட்டிப் பார்த்தாள், பெரியண்ணன் வாசலில் வந்து நின்றார். தனக்கொடி விரலில் ஒட்டியிருந்த சாம்பலோடு போனை எடுத்துக் காதில் வைத்தாள். இஞ்சின் இரைச்சல் கேட்டது, அதற்குள்ளிருந்து தம்பி பேசினான்.

"அக்கா, கரை தெரியுது. அம்மா எந்திரிச்சிட்டாளா?"

தனக்கொடி மரத்தில் தொங்கிய கலயத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"இல்லப்பா" என்றாள். "இன்னும் தூங்குறா. நீ மெதுவா வா."